செலாயாங் வீட்டை அகதிக் குடும்பத்துக்கு வாடகைக்கு விடலாமா?

தம்பி கேட்டிருப்பது இதுதான். கோலாலம்பூர் ஓரத்துச் செலாயாங்கில் அம்மா விட்டுப்போன மூன்றறை அப்பார்ட்மெண்ட் காலியாகக் கிடக்கிறது. வாடகை 1,100 வெள்ளி (ரிங்கிட்) எதிர்பார்க்கிறார். ஏஜென்ட், மியான்மரிலிருந்து வந்த ஒரு ரோஹிங்யா குடும்பத்தைக் கூட்டி வந்திருக்கிறார். யூஎன் கார்டு இருக்கிறது, ஐந்தே பேர்தான் என்கிறார். எதிர்வீட்டு ஆண்ட்டியோ, "இன்றைக்கு ஐந்து, அடுத்த மாதம் பதினைந்து, பார்த்துக்கொள்" என்கிறார். கொடுக்கலாமா, சட்டப்படி சரியா என்று கேட்டுவிட்டு, கடைசியில் கொஞ்சம் எரிச்சலோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: இவர்களுக்கென்று அரசாங்கம் ஒரு முகாம் கட்டி வைக்கக் கூடாதா, ஏன் நம் அடுக்குமாடிகளிலேயே வந்து அடைகிறார்கள்?

நான் வக்கீல் இல்லை. பன்னிரண்டு வருஷம் வாடகை வீட்டு ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்தேன். இப்போது நான் குடியிருக்கும் பிளாட்டின் கூட்டு நிர்வாக மன்றத்தில் செயலாளர். சனிக்கிழமைகளில் அகதிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு கற்றல் மையத்தில் மலாய் சொல்லிக் கொடுக்கிறேன். அதனால் வீட்டுக்காரர் புலம்பல், பக்கத்து வீட்டார் புகார், குடியிருப்பவர் கதை மூன்றும் என் காதில் விழும். பதில் நீளத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். அகதிகள் பற்றிய 1951 ஐ.நா. ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. இங்கே நடப்பில் இருப்பது 1959/63 குடிநுழைவுச் சட்டம். அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு, செல்லுபடியாகும் பாஸ் உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டே வகை மனிதர்கள். அகதி என்று மூன்றாவது வகை கிடையாது. யூஎன் கார்டு என்பது ஐ.நா. அகதிகள் ஆணையம் "இவர் எங்கள் பதிவில் இருக்கிறார்" என்று சொல்லும் அடையாள அட்டை. அதைக் காட்டினால் அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறையும். சாலைச் சோதனையில் பல நேரம் போலீஸ் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், சில நேரம் லோரியில் ஏற்றிவிடுவார்கள். வேலை செய்யும் உரிமையோ அரசாங்கப் பள்ளியில் இடமோ அந்த அட்டையால் வராது.

வீட்டுக்காரருக்கு வருகிற சிக்கல் அதே சட்டத்தின் 55இ பிரிவில் இருக்கிறது. பாஸ் இல்லாத ஒருவரைத் தன் வளாகத்தில் நுழையவோ தங்கவோ விடுவது குற்றம். ஒவ்வொரு தலைக்கும் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடைக்கலம் கொடுத்ததாக 56ஆவது பிரிவில் வழக்குப் போட்டால் தண்டனை இன்னும் கடுமை. கார்டு வைத்திருப்பவருக்கு வீடு கொடுத்த எல்லாரையும் பிடித்துக்கொண்டு போகிறார்களா என்றால் இல்லை. அப்படிப் போவதென்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தாமான் (குடியிருப்பு) பாக்கி இருக்காது. ஆனால் சட்டம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. "கார்டு இருந்தால் பிரச்சினையே இல்லை" என்று ஏஜென்ட் சொன்னால், அவர் தன் கமிஷனுக்காகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டதும் வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் கையை விரித்துவிடுவார்கள். மீதிப் பேர் கொடுப்பார்கள், எழுத்தில் எதுவும் இல்லாமல். ஐந்து பேர் பதினைந்தாகும் கணக்கு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

உங்கள் 1,100 வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். வழக்கப்படி இரண்டு மாத டெப்போசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. மொத்தம் 3,850. பாசார் போரோங் மொத்தச் சந்தையில் இரவு முழுக்கக் காய்கறி மூட்டை இறக்குகிறவருக்கு எங்கள் பக்கத்தில் ஒரு நாளைக்கு 70 வெள்ளி கிடைத்தால் நல்ல நாள். சாப்பிடாமல், மூட்டு வலிக்கு மருந்து வாங்காமல் சேர்த்தாலும் 55 நாள் கூலி. ஊரிலிருந்து தாய்லாந்து வழியாக வந்து சேர ஆள்கடத்தும் ஏஜெண்டிடம் பட்ட கடன் இதற்கு முன்பே வரிசையில் நிற்கிறது. அந்தக் கடனை அடைக்காமல் வேறெதுவும் நகராது.

அப்புறம் யார் பெயரில் ஒப்பந்தம் போடுவது? அதற்கென்று ஓர் ஆள் முளைப்பார். உள்ளூர் ஐசி, அதாவது அடையாள அட்டை, வைத்திருப்பவர். வீட்டுக்காரரிடம் 1,100க்குத் தன் பெயரில் எடுத்து, உள்ளே இருப்பவர்களிடம் 1,500 வாங்குவார். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு "பெயர்க்காரர்" என்று பெயர். ஒரே ஆள் ஏழெட்டு வீடு வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். 1,500 வெள்ளியை ஒரு குடும்பத்தால் கட்ட முடியாது. மூன்று குடும்பம் சேர்ந்தால் குடும்பத்துக்கு 500. அது முடியும். அதாவது உங்கள் எதிர்வீட்டு ஆண்ட்டி எண்ணியது சரி, காரணம்தான் வேறு. வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார்: கேட்டால் "நான் ஒரு மலேசியருக்குத்தான் விட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

புதிதாக வருகிறவர் கதை இன்னும் ஒரு படி கீழே. கார்டு வர மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட ஆகும். அதுவரை அவருக்கு அந்த அட்டையும் இல்லை. வந்து இறங்கிய இரவு அவர் கூப்பிடும் ஒரே எண், சொந்தக்காரர் ஒருவருடையது. அந்தச் சொந்தக்காரர் வீட்டு ஹாலில் பாய் விரிப்பார்கள். "இரண்டு வாரம்" என்பார்கள். கடல் தாண்டி வந்த அண்ணன் மகனை இரண்டு வாரம் கழித்து எங்கே போகச் சொல்வது? நம் வீட்டிலும் சொல்ல மாட்டோம். ஆணையத்தின் பதிவில் இன்றைக்குச் சுமார் 2 லட்சம் பேர், அவர்களில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் மியான்மரிலிருந்து வந்தவர்கள், பாதிக்கு மேல் ரோஹிங்யா. பதிவுக்காகக் காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கில் வராமல் யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் இருக்கிறார்கள்.

போன வருஷம் எங்கள் பிளாட்டில் ஒரு புகார். இரண்டாம் மாடி வீட்டின் குளியலறைக் கூரை ஒழுகுகிறது, மேலே இருப்பவர்கள் "அந்தக் கூட்டம்" என்று. செயலாளர் என்பதால் நான்தான் ஏறிப் போனேன். கதவுக்கு வெளியே செருப்பு 23 ஜோடி. எண்ணியதைச் சொல்கிறேன். உள்ளே ஹாலை பிளைவுட் பலகையாலும் பூப்போட்ட திரைத்துணியாலும் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சமையலறைத் தரையில் சோற்றுப் பானைகள் மூன்று, மின்சாரப் பானைகள். ஒவ்வொன்றின் மூடியிலும் மார்க்கரில் ஒரு பெயர். மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பியூஸ் போய்விடும் என்பதால் முறை வைத்துச் சமைக்கிறார்கள். துணி துவைக்கும் எந்திரத்தின் மேல் நோட்டை வைத்து ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஓர் அறையில் பகல் பதினோரு மணிக்கு நான்கு ஆண்கள் அயர்ந்து தூக்கம். இரவு பாசார் வேலை. அவர்கள் எழுந்து போனதும் அதே மெத்தையில் ரெஸ்டாரண்ட் வேலைக்காரர்கள் இருவர் படுப்பார்கள். மெத்தைக்கு ஓய்வே இல்லை.

வீட்டுப் பெரியவர் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஐந்து வருஷ வாடகைக் கணக்கு. எந்தக் குடும்பம் எவ்வளவு, எந்தத் தேதி, யார் வந்து வாங்கினார், மின்சாரம் எவ்வளவு, எல்லாம் வரி வரியாக. ஒரு ரசீதுகூட இல்லை. பெயர்க்காரர் ரசீது கொடுப்பதில்லை, அதனால் அவரே எழுதி வைத்திருக்கிறார். "யாரிடம் காட்டுவதற்கு?" என்று மலாயில் கேட்டேன். சிரித்தார்.

ஒழுகலுக்கு வருகிறேன். குழாய்க்காரர் வந்து தரையை உடைத்துப் பார்த்தால், கட்டடம் கட்டிய நாளில் போட்ட வடிகால் குழாயின் இணைப்பு மக்கிப்போய்க் கிடந்தது. அந்த வரிசையில் மேலும் கீழும் நான்கு வீட்டில் அதே நிலைமை. அதற்குள் ஆறு மாதம் அந்தக் குடும்பங்களைத் திட்டித் தீர்த்திருந்தோம். நானும் திட்டியிருக்கிறேன்.

அதற்காக அக்கம்பக்கத்தார் புகாரெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. இந்த விஷயம் பேசும் நல்ல மனதுக்காரர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எங்கள் பிளாட்டில் பராமரிப்புக் கட்டணம் வீட்டின் பங்கு அளவுக்குத்தான், தலைக்கணக்குக்கு இல்லை. நான்கு பேர் இருக்கும் வீடும் 18 பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை. லிப்ட் ஒன்றுதான். குப்பைத் தொட்டி ஒன்றுதான். சிலாங்கூரில் பல பழைய அடுக்குமாடிகளில் கட்டடம் முழுக்கத் தண்ணீருக்கு ஒரே பொது மீட்டர். பில்லை நிர்வாகம்தான் பிரித்து வசூலிக்க வேண்டும். சில வீடுகளில் தண்ணீர் மூன்று மடங்கு ஓடினால் அந்தச் சுமை தனியாக இருக்கும் ஓய்வூதியக்கார அம்மா மேலும் விழும். அவர் கோபப்பட்டால் அது இனவெறி ஆகிவிடாது. கட்டடமே ஒரு வீட்டுக்கு ஐந்தாறு பேர் என்று கணக்குப் போட்டுக் கட்டியது, தொட்டியும் குழாயும் அந்த அளவுக்குத்தான் தாங்கும். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர் பெயர்க்காரர். அவரோ அந்த பிளாட்டில் குடியிருப்பதே இல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பணம் வாங்க மட்டும் வருவார்.

இப்போது முகாம் கேள்வி. முகாம் நாம் பார்க்காதது இல்லை. வியட்நாம் படகுகள் வந்தபோது 1978இல் திரெங்கானு கடலில் பீடோங் தீவு முகாமானது. ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள தீவு, 1979 நடுவில் அங்கே சுமார் 40,000 பேர். தலைநகரிலேயே சுங்கை பீசியில் ஒரு முகாம் 1996 வரை நடந்தது. அன்றைக்கு அது நடந்ததற்குக் காரணம், அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கனடாவும் பிரான்சும் ஆட்களை எடுத்துக்கொண்டே இருந்தன. பஸ் வந்துகொண்டே இருக்கும் நிலையம் போல. இன்றைக்கு அந்த பஸ் அபூர்வமாகிவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் அகதிச் சேர்ப்புத் திட்டத்தையே நிறுத்திவைத்தது. உள்ளே போகும் வழி மட்டும் இருந்து வெளியே போகும் வழி இல்லாத இடத்துக்கு முகாம் என்ற பெயர் பொருந்துமா, தெரியவில்லை.

வெளியே போகும் வழி இல்லாத முகாம் எப்படி இருக்கும் என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டபம் முகாமைக் கேட்டால் போதும். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் போனவர்களுக்குத் தற்காலிகம் என்று போட்ட சின்னஞ்சிறு அறைகளில் பேரப்பிள்ளைகள் பிறந்து கல்யாணமும் ஆகிவிட்டது. 2021இல் அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகள் புதிதாகக் கட்டித் தருவதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் நாற்பது வருஷம் கழித்து.

அடைத்து வைப்பது என்றால் இங்கே ஏற்கெனவே டெப்போக்கள், அதாவது குடிநுழைவுத் தடுப்பு முகாம்கள், இருக்கின்றன. 2022 ஏப்ரலில் பினாங்கு சுங்கை பாக்காப் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்யாக்கள் விடிவதற்கு முன் உடைத்துக்கொண்டு ஓடினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி ஆறு பேர் செத்துப்போனார்கள், அவர்களில் குழந்தைகளும் உண்டு. 2019 ஆகஸ்டிலிருந்து ஆணையத்தின் ஆட்களை டெப்போக்களுக்குள் விடுவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏன், அரசாங்கமே விருந்தாளிகளாகக் கூட்டி வந்தவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் சிகிச்சைக்காகப் பாலஸ்தீனியர்கள் 127 பேர் வந்தார்கள், அவர்களில் 41 பேர் காயம்பட்டவர்கள். கோலாலம்பூர் விஸ்மா டிரான்சிட்டில் தங்கவைத்தார்கள். கட்டடம், சாப்பாடு, டாக்டர் எல்லாம் இருந்தது. இரண்டு மாதத்துக்குள் உள்ளே அடைந்து கிடக்க முடியாமல் அங்கேயும் ரகளை. மனுஷனுக்குக் கூரை மட்டும் போதாது, வாசல் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகாமைக் காட்டுக்குள் கட்டிவிட்டால் இரவு இரண்டு மணிக்குக் கேமரன் மலையிலிருந்து வரும் முட்டைக்கோஸை யார் இறக்குவது? அவர்கள் செலாயாங்கில் இருப்பது பாசார் போரோங் செலாயாங் ஓரத்தில் இருப்பதால். மியான்மரின் சின் இனத்தவர் கோலாலம்பூரில் புடுவிலும் இம்பியிலும் கடைவீட்டு மாடிகளில் தங்குவது, வேலைக்கு நடந்தே போகலாம் என்பதால். பினாங்கில் கட்டுமான வேலை இருக்கும் இடத்தில் கொங்சி என்கிற தொழிலாளர் கொட்டகையிலேயே தூங்குவார்கள். பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் குடும்பமாக இருப்பவர்களும் அப்படித்தான், வேலைக்குப் பக்கத்தில். 2017இல் 300 ரோஹிங்யாக்களுக்குச் சட்டப்படி தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை என்று ஒரு முன்னோடித் திட்டம் வந்தது. எடுபடவில்லை. சொந்தபந்தத்தை விட்டுவிட்டுத் தோட்டத்தில் போய்க் கிடக்க ஏன் ஆட்கள் தயங்குகிறார்கள் என்று அதிகாரிகளுக்குப் புரியாமல் இருந்திருக்கலாம். நம்மில் யாரையாவது கேட்டிருந்தால் லயத்து வீட்டுக் கதையைச் சொல்லியிருப்போம்.

என் தாத்தா சிவப்பு ஐசிக்காரர், அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, தோட்டத்தில் பாதி லயம் காலியானதாம். ரஜுலா கப்பலில் ஏறிப் போனவர்கள் பல்லாயிரம் பேர். தாத்தா எப்படியோ தங்கிவிட்டார். அப்புறம் தோட்டத்தையே விற்றார்கள். எங்கள் குடும்பம் செந்தூலில் ரயில் பாதை ஓரம் வந்து பலகையும் தகரமும் வைத்து ஒரு வீடு அடித்தது. புறம்போக்கு வீடு. அதை உடைத்தபோது "தற்காலிகம்" என்று ரூமா பாஞ்சாங் என்கிற நீள வரிசை வீட்டில் போட்டார்கள், அங்கே ஏழு வருஷம். அதற்குப் பிறகு அரசாங்கத்தின் மலிவு வாடகை பிபிஆர் பிளாட், மாதம் 124 வெள்ளி வாடகை, மூன்று அறை. அம்மா முதல் நாள் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது எங்களுக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி இருந்தது. அது இல்லாமல் அந்த 124 வெள்ளி வீடு இல்லை. காகிதத்தில் பெயர் இல்லாவிட்டால் தலைமுறைக் கணக்கு எடுபடாது என்பதற்குப் பினாங்கு கம்போங் புவா பாலா போதும். தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்துக் குடியிருந்த நம்மவர் வீடுகளை 2009இல் இடித்தே விட்டார்கள்.

எங்களுக்கும் இப்போது வருகிறவர்களுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நாங்கள் நகரத்துக்கு வந்தபோது ஆற்றோரமும் ரயில் ஓரமும் காலியாக இருந்தது. கையில் ஐசி இருந்தாலும் பணம் இல்லை, ஆனால் பலகை அடிக்க ஒரு மூலை இருந்தது. அந்த மூலைகளையெல்லாம் சுத்தம் செய்து அடுக்குமாடியும் மோனோரயிலும் கட்டியாயிற்று. புறம்போக்கு நிலம் போனது, புறம்போக்கு வாழ்க்கை போகவில்லை. அது இப்போது பிளைவுட் பலகையாக உங்கள் அப்பார்ட்மெண்ட் ஹாலுக்குள் வந்து நிற்கிறது. நகரத்தில் வீடே இல்லை என்றும் சொல்ல முடியாது. கட்டி முடித்தும் விற்காமல் கோலாலம்பூரில் ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகள் இருட்டாக நிற்கின்றன. இரவில் எம்ஆர்ஆர் இரண்டு சாலையில் வண்டி ஓட்டினால் விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணிவிடலாம். செங்கல்லுக்கு இங்கே பஞ்சமில்லை. கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை.

நம் மொழி பேசுகிறவருக்கு எப்படி என்று கேட்பீர்கள். கொஞ்சம் சுலபம். 2010 ஏப்ரலில் பினாங்கு கடலில் நிறுத்தப்பட்ட படகில் 75 ஈழத் தமிழர்கள் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் வந்தவர்களில் சிலருக்கு நான் அறை பார்த்துக் கொடுத்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் கோயிலில் ஒருவர் சொன்னால் போதும், மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் "நம்ம பிள்ளைதான்" என்றால் பாதி டெப்போசிட் குறைந்துவிடும். சட்டம் அவர்களுக்கும் அதேதான், 55இ தமிழ் தெரியுமா என்று கேட்பதில்லை. ஆனால் தெரிந்த மொழியும் முன்பணம் மாதிரி வேலை செய்கிறது. ரோஹிங்யாவுக்கும் சின் குடும்பத்துக்கும் அப்படிச் சொல்ல இங்கே அண்ணாச்சி இல்லை. பெயர்க்காரர்தான்.

கோவிட் வந்த 2020 அந்த முன்பணத்தை எல்லாருக்குமே இல்லாமல் செய்துவிட்டது. ஏப்ரலில் மஸ்ஜித் இந்தியா பக்கம் சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் கட்டடங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அப்புறம் செலாயாங் பாசார் வட்டாரம். மே 1ஆம் தேதி குடிநுழைவுத் துறை அதே மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் புகுந்து நூற்றுக்கணக்கானவர்களை அள்ளிக்கொண்டு போனது. சமூக ஊடகத்தில் ரோஹிங்யாக்கள் மேல் வெறுப்பு வெள்ளமாக ஓடிய மாதம் அது. எங்கள் அலுவலகத்துக்கு வீட்டுக்காரர்கள் வரிசையாக போன் செய்தார்கள்: "மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லுங்க." நானும் போய்ச் சொன்னேன். அந்த வீடுகளை விட்டுப் போனவர்கள் காற்றில் கரையவில்லை. ஏற்கெனவே பத்துப் பேர் இருந்த வீட்டுக்குள் போனார்கள். நோய் பரவக்கூடாது என்று ஊரை அடைத்த மாதத்தில் அடர்த்தியை நாமே கூட்டினோம்.

வேலைக்குச் சட்டப்படி ஒரு பாஸ் கொடுத்தால் இதில் பாதி தானாக அவிழும் என்பது என் கட்சி. புது யோசனை ஒன்றும் இல்லை. 1970களில் சபாவுக்கு வந்த பிலிப்பைன்ஸ் அகதிகளுக்கு ஐஎம்எம்13 என்ற தற்காலிகத் தங்கும் பாஸ் கொடுத்தோம். சுனாமிக்குப் பிறகு 2005இல் ஆச்சேக்காரர்களுக்குக் கொடுத்தோம். 2006இல் ரோஹிங்யாக்களுக்கும் தொடங்கினார்கள். மோசடிப் புகார் வந்து நின்றுபோனது, அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. பாஸ் இருந்தால் சம்பளச் சீட்டு வரும், அதை வைத்து ஒப்பந்தத்தில் சொந்தப் பெயர் வரும், பெயர்க்காரருக்கு வேலை போய்விடும். அந்த 400 வெள்ளி மிஞ்சினால் மூன்றாவது குடும்பம் தேவைப்படாது. இப்படிச் செய்தால் இன்னும் ஆட்கள் வருவார்கள் என்று எதிர்ப்பக்கம் சொல்வார்கள். அந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் பாஸ் கொடுக்காத இந்த இருபது வருஷத்திலும் வந்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஏஜென்ட் கூட்டி வந்திருக்கும் முறையில் நானாக இருந்தால் கொடுக்க மாட்டேன். ஐந்து பேர் என்கிறார், யார் கையெழுத்து என்று உங்களிடம் சொல்லவில்லை. அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் கொண்டுவரும் பெயர் வேறு எத்தனை வீட்டில் இருக்கிறது என்றும் கேளுங்கள். ஆள் திணறினால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முதலாளி கையெழுத்துப் போடுவாரா என்றால் அநேகமாக மாட்டார், பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைப்பதும் அதே சட்டத்தில் குற்றம். ஒரு சர்ச்சோ சூராவோ (சிறு பள்ளிவாசல்), பதிவுபெற்ற தொண்டு அமைப்போ வாடகைதாரராக முன்வந்து, தங்குகிறவர்களின் பெயரைப் பட்டியலாக இணைத்து, முத்திரை வரி கட்டி ஒப்பந்தம் போடுவதென்றால் நான் யோசிப்பேன். அப்போதும் 55இ போய்விடாது. ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். இதையெல்லாம் செய்துவிட்டும் ராத்திரி கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடும் ஆள் நீங்கள் என்றால் வேண்டாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொடுப்பதாக முடிவு செய்தால் கார்டைக் கண்ணால் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். அதைச் சரிபார்க்க ஆணையமே கைப்பேசிச் செயலி வைத்திருக்கிறது. எத்தனை பேர் என்பதை எழுத்தில் போடுங்கள். அளவுக்கு ஒரு கோல் வேண்டுமென்றால், வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குமிடத்துக்கு அரசாங்கமே வைத்திருக்கும் கணக்கு இருக்கிறது: ஹாஸ்டல் மாதிரி இல்லாத வீட்டில் தூங்கும் இடம் தலைக்கு 3.6 சதுர மீட்டர். உங்கள் மூன்று அறையும் சேர்ந்து 330 சதுர அடி இருக்கும் என்று வைத்தால் எட்டுப் பேர். அது முதலாளிகளுக்கான விதி, குடும்பத்துக்கு இல்லை. ஆனாலும் எதிர்வீட்டு ஆண்ட்டியிடம் காட்ட ஓர் எண் கையில் இருப்பது நல்லது. டெப்போசிட்டை ஆறு மாதத் தவணையாக வாங்குங்கள். அப்படி வாங்கினால் அவர்கள் இரண்டாவது குடும்பத்தைச் சேர்க்க வேண்டிய அவசரம் முதல் மாதமே வராது. என் அனுபவத்தில் மற்ற எல்லா நிபந்தனைகளையும்விட இதுதான் வேலை செய்தது. மாதாமாதம் ரசீது கொடுங்கள், நீங்களே நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் பொது மீட்டரா தனி மீட்டரா என்று நிர்வாகத்திடம் இன்றைக்கே கேளுங்கள். பொது மீட்டர் என்றால் பயன்பாட்டுக்கு ஏற்ப உங்கள் பங்கைக் கூட்டிக் கட்டத் தயார் என்று நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடலாம். செயலாளர் உங்கள் பக்கம் வந்துவிடுவார், நான் ஒரு செயலாளர் என்பதால் சொல்கிறேன்.

அப்புறம் அந்த வீடு எந்த வருஷம் கட்டியது? தொண்ணூறுகளில் கட்டியது என்றால், ரோஹிங்யாவோ, கெடாவிலிருந்து வேலைக்கு வந்த நம் பையன்களோ, யாருக்கு விடுவதானாலும் சாவி கொடுப்பதற்கு முன்பு குளியலறைத் தரை வடிகாலை ஒரு குழாய்க்காரரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.